பத்தும் நாற்பதும்

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழர், சென்றவிடமெல்லாம் கோயில் எழுப்பினர், சங்கம் கண்டனர், பள்ளியையும் நாடினர். கோயிலும் சங்கமும் சிலரது ஊக்கத்தாலேயே நிலைபெறும். பள்ளியோ பிள்ளைகளின் எண்ணிக்கையால் மட்டுமே நிலைபெறும். சிறுபான்மையோர் பள்ளியின் வரலாறு முழுவதும் இவ்வுண்மையைச் சுற்றியே அமைந்துள்ளது.

இந்நாட்டில் கட்டாயக் கல்விக்கு வழிகாட்டியது பரோடா சமஸ்தானம். மன்னர் சயாஜிராவ் 1906இல் அதனைத் தம் சமஸ்தானம் முழுவதும் நடைமுறைப்படுத்தினார். பெரியார் கோகலே 1911இல் கொணர்ந்த கல்வி மசோதா மறு ஆண்டே தோற்கடிக்கப்பட்டது. ஆயினும் அவ்வித்து வீண்போகவில்லை. பம்பாய் நகரின் எஃப், ஜி என்னும் இரு வார்டுகளில் 1925இல் கட்டாயத் தொடக்கக் கல்வி தொடங்கிற்று. தமிழர் செறிந்த மாதுங்கா எஃப் வடக்கு வார்டிலும், தாராவி ஜி வடக்கு வார்டிலும் இன்று அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. மாதுங்காவில் தென்னிந்தியர் 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டியை நிறுவினர். தாராவியில் குடியேறிய திருநெல்வேலிச் சீமை உழைப்பாளரின் பிள்ளைகள் பலருக்கோ மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியே புகலாயிற்று. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திவரும் பெருமையுடையது. தமிழும் அவற்றுள் ஒன்று.

விடுதலைக்குப்பின் 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு ஓர் அளவுகோலை வகுத்தது. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ, பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ இருப்பின், அவர்தம் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்பதே அது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையோர் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி கிட்டச் செய்வதை மாநிலங்களின் முயற்சிக்குரிய கடமையாக்கிற்று. ஆகவே சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. ஆனால் பெயர்ப் பதிவேட்டில் பிள்ளைகள் இல்லையெனில் சட்டம் யாருக்குத் துணை நிற்கும்?

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டப்படி, ஐந்து வகுப்புகள் கொண்ட தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இரண்டே ஆசிரியர்; அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூவர். எண்ணிக்கை அறுபதுக்குக் குறைந்தால் இருவரே ஐந்து வகுப்பையும் தாங்க வேண்டும். ஒருவர் மூன்றாம் வகுப்பிற்குக் கணக்குச் சொல்லுங்கால் நான்காம் வகுப்பு வாளாவிருக்கும். தரம் தாழ்கின்றது என்று சில பெற்றோர் பிள்ளைகளை வேறிடம் சேர்ப்பர். எண்ணிக்கை மேலும் குறையும். தரம் மேலும் தாழும். முதலில் வெளியேறுவோர், விண்ணப்பம் எழுதவும் அதிகாரியை அணுகிக் கேட்கவும் வல்ல குடும்பத்தினர். எஞ்சுவோர், கேட்க வாயற்ற எளியோரின் மக்கள். பள்ளி தேய்வதன் முழு இழப்பும் அவர்கள் தலையிலேயே விடிகின்றது.

ஆங்கிலப் பள்ளியை நாடும் பெற்றோரை நாம் பழிப்பதற்கில்லை. பிள்ளையின் எதிர்காலம் அவர்தம் கவலை. எனினும் நம் சங்கத்தால் ஆவன உள. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் வீடுவீடாகச் சென்று, பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கலாம். அச்சட்டப்படி அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராதல் வேண்டும். பாதியினர் மகளிராதல் வேண்டும். அக்குழுவில் அமரும் எளிய தாய்மார்க்கு விண்ணப்பம் எழுதித் துணை நிற்கலாம். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகட்கு மாலையில் தமிழ் வகுப்பு நடத்தலாம்.

ஆண்டு விழா மேடையில் தமிழ்த்தாய்க்குச் சூட்டும் மாலை மறுநாள் வாடிவிடும். பதிவேட்டில் ஏறும் ஒரு பிள்ளையின் பெயரோ ஓர் ஆசிரியரை நிலைநிறுத்தும். ஒரு பள்ளியைக் காக்கும். இவ்வாண்டு அப்பணியைத் தொடங்குவோமாக.