காயலான் கடையில் பிறந்த மலை சைக்கிள்

போன வருஷம் ஆறு மாதம் கலிபோர்னியாவில், கூப்பர்டினோவில் உள்ள மகன் வீட்டில் இருந்தோம். ஆப்பிள் கம்பெனியின் தலைமையகம் உள்ள ஊர் என்றால் உங்களுக்குப் புரியும். அங்கே 15 வயதுப் பேரனுக்கு மலையில் ஓட்டும் சைக்கிள் வேண்டுமாம். கடைக்குப் போய் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். 4,000 டாலர்! நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். மகன் முடியாது என்று சொல்லிவிட்டான். பேரன் விடுவதாக இல்லை. "அப்படின்னா பழைய பார்ட்ஸ் வாங்கி நானே சேர்த்துக்கிறேன் தாத்தா. நீங்க ஒர்க்‌ஷாப்ல இருந்தவர்தானே, கூட இருங்க" என்றான்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் 36 வருஷம் இருந்தவன் நான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவன் பாகங்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், இந்த மலை சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று நான் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்திலும் அது பிறக்கவில்லை. பேரன் செய்யப் போவதையேதான் ஐம்பது வருஷத்துக்கு முன் சில இளைஞர்கள் செய்திருக்கிறார்கள். அதுவும் அதே கலிபோர்னியாவில்.

நம் காலத்துச் சைக்கிள் உங்களுக்கு நினைவிருக்கும். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், காற்றடித்தால் கல் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 1933-இல் ஷ்வின் என்ற கம்பெனி வேறு மாதிரி டயரைக் கொண்டுவந்தது. 26 அங்குலச் சக்கரத்தில் இரண்டு அங்குலத்துக்கும் அதிகமான பருமன், உள்ளே குறைந்த காற்று. பலூன் டயர் என்று பெயர். பையன்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று போலி பெட்ரோல் டாங்க், அகல மட்கார்டு எல்லாம் வைத்து விற்றார்கள். எடை 20 கிலோவுக்கு மேல். 1970-களில் பத்து கியர் ரேஸ் சைக்கிள் மோகம் வந்ததும் இவையெல்லாம் கொட்டகைக்கும் காயலான் கடைக்கும் போய்விட்டன.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் என்ற மாவட்டம். அங்கே தமால்பைஸ் என்று ஒரு மலை. பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பெயர் என்று யாரும் கட்டுரை எழுதக் கிளம்ப வேண்டாம். அது மிவோக் என்ற பழங்குடி மக்களின் மொழி. அந்த வட்டாரத்து இளைஞர்கள், முக்கால்வாசிப் பேர் தார் ரோட்டில் ரேஸ் ஓட்டுகிறவர்கள், பழைய பலூன் டயர் சைக்கிள்களை வாங்கி மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்தார்கள். ஜோ பிரீஸ் என்பவர் 1941-ஆம் வருஷத்து வண்டி ஒன்றை வெறும் 5 டாலருக்கு வாங்கியிருக்கிறார். டாங்க், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். மிச்சமிருந்ததற்கு 'கிளங்கர்' என்று பெயர். நாம் டப்பா வண்டி என்போமே, அதுதான்.

அந்த வண்டிகளில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். தட்டையான தெருவுக்கு அது போதும். ஆனால் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கம் பைன் மவுண்டன் என்ற மலையில் ஒரு மண்பாதை இருக்கிறது. சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறங்குகிறது. முழு நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஹப் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் சூட்டில் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஒரு இறக்கத்துக்கு ஒரு ஓவராயிலிங்! மறுபடி அடைப்பது என்ற பொருளில்தான் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

யார் வேகம் என்ற சண்டையைத் தீர்க்க 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடந்தது. நடத்தியவர் சார்லி கெல்லி, ஒரு பாட்டுக் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தவர். ஒவ்வொருவராக இடைவெளி விட்டு இறக்கிவிட்டு, மேலே ஒரு கடிகாரம் கீழே ஒரு கடிகாரம் வைத்து நேரம் பார்த்தார்கள். ஆலன் பாண்ட்ஸ் ஜெயித்தார். விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தானாம். பின்னால் நடந்த போட்டிகளில் கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியதுதான் சாதனை. இந்த ஃபிஷரை முடி நீளம் என்று சொல்லி ஒரு காலத்தில் ரேஸ்களில் சேர்க்காமல் தடை செய்திருந்தார்கள்.

இறங்குவது சரி, ஏறுவது? ஒற்றை கியரில் 20 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும். ஃபிஷர் தன் பழைய ஷ்வின்னில் ரேஸ் சைக்கிளின் கியரை மாட்டினார். இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளின் டிரம் பிரேக், மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவர், கட்டைவிரலால் தள்ளும் கியர் லீவர் எல்லாம் அதில் சேர்ந்தன. இதற்கென்று யாரும் பாகம் செய்யாத காலம். கிடைத்ததைப் பொருத்திப் பார்ப்பது, உடைந்தால் அடுத்ததைத் தேடுவது. ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்களுக்கு இந்தப் பாஷை புரியும்.

ஆனால் இந்த யோசனை முதலில் தோன்றியது அவருக்கு இல்லை. 1974 டிசம்பர் 1 அன்று மரினில், மில் வேலி என்ற ஊரில் சேற்றுப் பாதை ரேஸ் ஒன்று நடந்தது. அங்கே வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் பலூன் டயர் வண்டியில் கியர் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மரின் பையன்கள் வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ரேஸ் முடிந்தது, வந்தவர்கள் போய்விட்டார்கள். வெகுகாலம் அவர்கள் யார் என்றே தெரியாமல் இருந்தது. மாரோ டர்ட் கிளப் என்று பத்துப் பேர் கொண்ட சின்னக் கூட்டம். கியர் மாட்டிய வேலையில் முன்னால் நின்றவர் ரஸ் மஹோன். எந்த ஊர் தெரியுமா? கூப்பர்டினோ! நான் தினம் சாயங்காலம் நடக்கப் போகும் தெருக்கள். அங்கே குடியிருக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் பிறந்த காரேஜைக் கேட்டால் வழி சொல்கிறார்கள்.

இனி உடைந்த கதைக்கு வருகிறேன். பழைய ஃபிரேம்கள் வீதியில் பேப்பர் போடும் பையனுக்காகச் செய்தவை. மலையில் குதித்து இறங்கினால் எத்தனை நாள் தாங்கும்? ஃபிரேம் வளைந்தது, போர்க் முறிந்தது. நல்ல பழைய ஃபிரேம் கிடைப்பதும் குறைந்துகொண்டே வந்தது.

போர்க் முறிவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 1972-இல் எனக்கு 18 வயது. புது சைக்கிள் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். நானும் என் சிநேகிதனும் காயலான் கடைகளில் அலைந்து பாகம் பாகமாக ஒரு சைக்கிள் சேர்த்தோம். கோட்டம் எடுத்தது, பால்ரஸ் போட்டது எல்லாம் நானே. போர்க்கில் மட்டும் கழுத்துப் பக்கம் ஒரு மயிரிழை விரிசல். வேறு வாங்கக் காசில்லை. பித்தளை ஒட்டு வைத்து மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தேன். விரிசல் இருந்ததை அவனிடம் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் காவிரிப் பாலத்து இறக்கத்தில் போர்க் போய்விட்டது. எனக்கு முன்பல் இரண்டு. பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த அவனுக்கு இடது முழங்கை. அடுத்த மாதம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போக இருந்தவன். அந்தக் கை இன்றுவரை முழுசாக நீளாது.

மரினில் 1977-இல் ஜோ பிரீஸ் அந்தக் கஷ்டத்துக்கு வழி பண்ணினார். கெல்லி கேட்டுக்கொண்டதன் பேரில், பழைய ஃபிரேமைத் தேடுவதை விட்டுவிட்டு குரோம்-மாலி எஃகுக் குழாய்களை வாங்கி மலைக்கென்றே புது ஃபிரேம் ஒட்டினார். பாகங்களும் முழுக்கப் புதுசு. எடை 17 கிலோவுக்கு இறங்கியது. மறு வருஷத்துக்குள் பத்து வண்டிகள் செய்தார். முதல் வண்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் விலை 750 டாலர். 5 டாலர் வண்டி எங்கே, இது எங்கே! 1979-இல் ஃபிஷரும் கெல்லியும் சில நூறு டாலர் முதல் போட்டு, டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களில் வண்டி பூட்டி விற்கத் தொடங்கினார்கள். கம்பெனிக்கு 'மவுண்டன்பைக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தங்களுக்கே உரியதாகப் பதிவு செய்ய முடியவில்லை, ஊருக்கே பொதுவாகிவிட்டது. விலை 1,300 டாலர் அளவுக்கு ஏறியது. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு என்ற கம்பெனி ஜப்பானில் மொத்தமாகச் செய்வித்து ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டியை 750 டாலருக்கு இறக்கியது. அதன் பிறகு வேகமாக உலகமெங்கும் பரவியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலை சைக்கிள் ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

இவ்வளவும் படித்த பிறகு பேரனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஃபிரேம், சக்கரம், கியர் எதையும் பழசாக வாங்கிக்கொள். போர்க்கும் பிரேக்கும் மட்டும் புதுசு, காசு தாத்தா தருகிறேன். அலுமினிய ஃபிரேமை வாங்கி வந்ததும் வெயிலில் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒட்டு ஒட்டாகப் பார்த்தேன். "தாத்தா, மியூசியத்துல வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தான். ஐந்து வாரம் ஆயிற்று. எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்குள் முடிந்தது.

அவன் முதல் முறை மலைக்குப் போன அன்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. லால்குடியில் இருக்கும் சிநேகிதனுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டேன். பேரன் சைக்கிள் கட்டிய கதையைச் சொன்னேன். 1972 விரிசலையும் அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"டேய், பையனுக்குப் போர்க் புதுசுதானே?" என்றான்.

"புதுசுதான்டா."

"பில் இருக்கா?"

பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன்.