ஜைப்: கழுத்திலிருந்து பைக்கு

அரபியில் ஆடை உறுப்புகளின் பெயர் படிப்பவர் சட்டைக்கைக்குக் ‘கும்ம்’, பொத்தானுக்கு ‘ஸிர்’, காலருக்கு ‘யாக்கா’, பைக்கு ‘ஜைப்’ என்று மனப்பாடம் செய்கிறார். இன்றைய கடைத்தெருவுக்கு அது போதும். அதே பட்டியலோடு குர்ஆனைத் திறந்தால் ஜைப் தடுக்கிவிடும். 24ஆம் அத்தியாயம் பெண்கள் தலைத்துணியை ஜைபுகளின்மேல் இட்டுக்கொள்ளச் சொல்கிறது. பையை மூடச் சொல்வதாகக் கொண்டால் பொருளே இல்லை. தலை நுழைவதற்காகச் சட்டையில் கழுத்திலிருந்து மார்புவரை வெட்டிய திறப்புத்தான் அங்கே ஜைப். துக்கத்தில் ஜைபைக் கிழித்துக்கொள்வதை ஹதீஸ் கண்டிக்கிறது; அதுவும் இந்தத் திறப்பையே. பழைய அகராதிகள் முதலில் தருவதும் இதைத்தான்.

திறப்பு எப்படிப் பையானது? தையலைப் பார்த்தால் விளங்கும். தொளதொளப்பான நீண்ட அங்கியின் இடுப்பில் கச்சை கட்டினால், கழுத்து வழியாக உள்ளே போட்ட பொருள் கச்சைக்குமேல் துணி மடிப்பில் தங்கிவிடும். நம் பாட்டிமார் வெற்றிலையை மடியில் செருகி வைத்தது போலத்தான். கை போய்வந்த வழியின் பெயர் பொருள் தங்கிய இடத்துக்கு ஏறி, பின்னர் தனியாகத் தைத்த பைக்கும் நிலைத்தது. ஆடைச் சொல் துணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, பயனைத் தொடர்ந்து நகர்கிறது என்பதே என் வாதம். அகன்ற சட்டைக்கையிலும் காசும் காகிதமும் கொண்டுபோனார்களே, கும்ம் ஏன் பையாகவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கும்ம் தன் பழைய வேலையிலிருந்து விடுபடவே இல்லை. கழுத்துக்கோ துருக்கியிலிருந்து யாக்கா வந்து சேர்ந்தது. அதனால்தான் ஜைப் முழுதாகப் பைக்குப் போக முடிந்தது என்று கருதுகிறேன்.

திறப்பைக் குறிக்கும் ஜைபும் பையைக் குறிக்கும் ஜைபும் தொடர்பற்ற தனிச்சொற்களாக இருக்கலாமே என்பாருக்குக் கணிதம் ஒரு சாட்சி தருகிறது. வில்லின் நாணைக் குறித்த ‘ஜீவா’ இந்தியக் கணித நூல்களிலிருந்து அரபிக்குப் போனது. உயிர்க்குறி இல்லாத எழுத்தில் அது ஜைப் என்றும் வாசிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் ‘சைனஸ்’ என்று எழுதினார்கள். இன்றைய ‘சைன்’ அதுதான். சைனஸ் என்றால் மார்பின் வளைவு, ரோமானியர் மேலாடையின் மார்பு மடிப்பு. ஆக, மொழிபெயர்த்தவர்களுக்கு ஜைப் என்றதும் நினைவில் எழுந்தது மார்புப் பக்கம். ரோமானியர் அந்த மடிப்பில் பணம் வைத்ததுண்டு, எனவே மொழிபெயர்த்தவர் மனதில் பையே இருந்திருக்கும் என்று மறுக்கலாம். அந்த மறுப்பு என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது: உறவில்லாத இரு மொழிகளில் மார்பு மடிப்பின் பெயர் பணம் வைக்கும் இடத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது.

உருதுவில் இரு பொருளும் ஒரே எழுத்துருவில் வாழ்கின்றன. ஜைப் என்று வாசித்தால் கழுத்துப் பக்கம், ஜேப் என்றால் பை. தமிழுக்கு வந்தது ஜேப் மட்டுமே. ‘ஜேப்பு’, ‘ஜேப்படி’ இரண்டிலும் கழுத்தின் சுவடு இல்லை. உருதுக் கவிதையில் காதலன் துயரத்தில் கிழித்துக்கொள்ளும் ஜைப் நம் பக்கம் எட்டவே இல்லை.