கெடுவுக்கு முன் மீளும் வீடு

ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் நம்மருகே வந்து அமர்ந்தார். வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். வீட்டை வங்கியில் அடைமானம் வைத்து இருபதாண்டுக் கெடுவில் வாங்கிய கடனை, ஒன்பதாண்டு முன்னதாகவே தீர்த்துவிடும் அளவுக்கு அவரிடம் பொருள் சேர்ந்திருந்தது. ஆயினும் ஓர் ஐயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“ஹஜ்ரத், இருபது வருஷம் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போதே தீர்த்தால் மிச்ச வருஷங்களின் வட்டியைத் தர வேண்டியதில்லை என்கிறார்கள். அது வாக்கு மீறியதாகிவிடாதா?” என்றார்.

வட்டிக்கு வாங்கியதன் பாவத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதை அவர் நன்கறிவார். ஒப்பிய சொல்லைக் காப்பது பற்றியே கேட்டார். “தம்பி, இரண்டு நாள் பொறுங்கள்” என்று கூறி அனுப்பிவிட்டு நூல்களைப் புரட்டினோம். கெடுவுக்கு முன் கடனைத் தீர்க்க வருபவனை என்ன செய்வது என்னும் வினாவுக்கு ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டென்பது அப்போது தெளிவாயிற்று.

அடைமானத்தை அரபியில் ‘ரஹ்ன்’ என்பர். திருமறையின் பகரா அத்தியாயம் 283ஆம் வசனம் அதனை அனுமதிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்த நிலையிலேயே அவர்கள் மறைந்தார்கள் என்பதை மதரஸாவின் இளம் மாணவனும் அறிவான். ஆயின் ரஹ்னில் கடன் கொடுத்தவனுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வீடு அவன் கைக்கு வரும்; அதில் குடியிருந்தோ வாடகை பெற்றோ பயன் துய்த்தால் அது கடனால் விளைந்த ஆதாயமாகி வட்டியின் வாசலுக்கு அவனை இட்டுச் செல்லும். ஆகவே பயனேதும் இல்லாமல் பெருந்தொகை கடன் தர முன்வருவோர் எங்கும் அரியராயினர்.

இந்த நெருக்கடி மிக முற்றிய இடம் புகாரா. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் அந்நகர மக்கள் கடனில் மூழ்கியிருந்தனர். அவர்கள் கண்ட வழியே ‘பைஉல் வஃபா’. வஃபா என்பது சொன்ன சொல்லை நிறைவேற்றுதல். வீட்டுக்காரன் வீட்டைக் கடன்காரனுக்கு விற்பான். தான் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது உடன்பாடு. இடைக்காலத்தில் வாங்கியவன் அதன் பயனைத் துய்ப்பான். பிறருக்கு விற்க மட்டும் அவனுக்கு உரிமையில்லை.

இது விற்பனையா, அடைமானமா? அபுல்ஹஸன் ஸுக்தீ (ரஹ்) முதலானோர், பெயர் எதுவாயினும் இது அடைமானமே, பயன் துய்த்தல் கூடாது என்றனர். ஹிஜ்ரி 537இல் (கி.பி. 1142) மறைந்த நஜ்முத்தீன் நஸஃபீ (ரஹ்) அவர்களோ, தம் காலத்து அறிஞர்கள் மக்களின் தேவை கருதி இதனைச் செல்லும் விற்பனையாக ஏற்றனர் என்று பதிவு செய்தார்கள். இரு சாராரும் நல்லோரே. ஒருவர் சட்டத்தின் தூய்மையை நோக்கினார். மற்றவர் கடனாளியின் முகத்தை நோக்கினார் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் அன்பரின் வினாவுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. பைஉல் வஃபாவின் உயிரே மீட்கும் உரிமைதான். பணம் கொண்டுவந்தவனுக்கு வீடு திரும்ப வேண்டும். இந்த ஏற்பாடு எகிப்தில் பைஉல் அமானா என்றும், ஷாமில் பைஉல் இதாஆ என்றும், ஹளரமவுத்தில் பைஉல் உஹ்தா என்றும் வழங்கிற்று. நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஹளரமவுத்திலும் அது வேரூன்றியது குறிக்கத்தக்கது. பின்னர் உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூல், புகாரா மக்களின் கடன்சுமையைப் பெயர் சொல்லியே 32ஆம் விதியில் இதற்குக் காரணமாகக் காட்டுகிறது. 396ஆம் விதி, விற்றவன் விலையைத் திருப்பித் தந்து பொருளை மீட்டுக்கொள்ளலாம் என்கிறது; அவ்விதியில் கெடு எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்லலாம். 119ஆம் விதி கூறும் ‘பைஉ பில் இஸ்திக்லால்’ என்பதில், வீட்டை அவ்வாறு விற்றவனே வாடகை தந்து அதே வீட்டில் குடியிருப்பான். மாதத் தவணை கட்டிக்கொண்டு சொந்த வீட்டில் வாழும் இக்காலத்தவருக்கு அது புதிதாகத் தோன்றாது.

நம் நாட்டுக்கு வருவோம். வங்காளத்தில் இதே பெயரில் நடந்த கொடுக்கல் வாங்கலில் சூது புகுந்தது. கெடுவுக்குள் பணம் வராவிடில் விற்பனை முற்றாகிவிடும் என்பது பத்திரத்தின் வாசகம். ஆகவே கெடு நெருங்குகையில் கடனாளி பணத்தோடு வந்தால் வாங்க மறுப்பது, பின்பு பணம் வரவே இல்லை என்று சாதிப்பது என வழக்குகள் பெருகின. இதனைத் தடுக்கவே கம்பெனி அரசு 1798ஆம் ஆண்டின் முதலாம் ரெகுலேஷனைப் பிறப்பித்தது. பைஉல் வஃபா என்னும் அரபிச் சொல் அந்த ஆங்கிலச் சட்டத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றது. கெடு முடிவதற்குள் கடனாளி பணத்தைக் கடன் கொடுத்தவனிடமே தரலாம்; அல்லது திவானி அதாலத்தில் கட்டிவிடலாம் என்றது அது. 1806ஆம் ஆண்டின் பதினேழாம் ரெகுலேஷன், அறிவிப்புக்குப் பின் மேலும் ஓராண்டு அவகாசம் தந்தது.

சென்னை மாகாணத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இங்கே கெடு வைத்து எழுதிய கிரயத்தில் நாள் தவறியவனுக்கு வீடு மீளுமா என்பதில் நீதிமன்றங்கள் தடுமாறின. 1858 முதல் இங்குள்ள மேல் நீதிமன்றம் கடனாளியின் பக்கம் சாய்ந்தது. ஆனால் 1870இல் பட்டாபிராமையர் வழக்கில், எழுதியது எழுதியபடியே செல்லும் என்று பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. 1875இல் தம்புசாமி முதலிக்கும் ஹுசைன் ராவுத்தருக்கும் இடையிலான வழக்கிலும் அக்கொள்கையையே வற்புறுத்தியது. கூடவே, இதற்குச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்வது நலம் என்றும் சுட்டிற்று. அவ்வழக்கின் பெயரில் நம்மவர் ஒருவரின் பெயர் இப்படி நின்றுவிட்டது.

ஏழாண்டு கழித்து அச்சட்டம் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, நிபந்தனை விற்பனையை அடைமான வகைகளுள் ஒன்றாகவே சேர்த்தது. ஸுக்தீ அவர்களின் கருத்தை அறியாமலே இங்கிலாந்தின் சட்டவல்லுநர் அவர்கள் பக்கம் வந்து சேர்ந்தனர் எனலாம். 60ஆம் பிரிவு மீட்கும் உரிமையை உறுதி செய்தது. 83ஆம் பிரிவு நீதிமன்றத்தில் பணம் கட்டும் வழியைத் திறந்தது. 1929இல் வந்த திருத்தம் ஒன்றை இல்லத்தார் மறக்கலாகாது: திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பியோ தனிக் காகிதத்தில் எழுதியோ சுத்தக் கிரயம் செய்து கொடுத்தவன், அதை அடைமானம் என்று பின்னர் வாதிட முடியாது.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு பூட்டும் இருந்தது. பணம் செலுத்த வேண்டிய காலம் வந்த பின்னரே மீட்கும் உரிமை பிறக்கும் என்பது 60ஆம் பிரிவின் கருத்து. தாமதமாக வந்தவனைக் காத்த சட்டம், முந்தி வந்தவனைக் காத்திருக்கச் சொல்லிற்று! 1914இல் பக்தாவர் பேகம் வழக்கில் பிரிவி கவுன்சில் இதனை விளக்கியது. பொதுவாகக் கெடு முடிந்த பின்பே மீட்கலாம்; ஆனால் இடையிலேயே தீர்க்கலாம் என்று பத்திரத்தில் இருதரப்பும் ஒப்பியிருந்தால் அது செல்லும். ஆக, அன்பர் தம் கையெழுத்திட்ட பத்திரத்தைப் படித்துப் பார்க்கவேண்டுமேயன்றிக் கலங்க வேண்டியதில்லை. முன்கூட்டித் தீர்க்கும் வழி அதில் எழுதப்பட்டிருப்பின் அதுவும் அவர் ஒப்பிய வாக்கின் ஒரு பகுதியே.

இனி, விட்டுப்போகும் வட்டி. இதனையொத்த ஒன்றை ‘ளஃ வ தஅஜ்ஜல்’ என்று ஃபிக்ஹு நூல்கள் பேசும். குறைத்துக்கொள், விரைந்து பெற்றுக்கொள் என்பது பொருள். பனூ நளீர் கூட்டத்தார் மதீனாவை விட்டு வெளியேறுகையில், தவணை வராத கடன்களை இவ்வாறு தீர்த்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. இப்னு அப்பாஸ் (ரலி) இதில் குற்றம் காணவில்லை. ஸைத் இப்னு ஸாபித் (ரலி), இப்னு உமர் (ரலி) இருவரும் வெறுத்தனர். முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தவணைக்குத் துணி விற்ற வணிகர் ஒருவர் கூஃபாவுக்குப் புறப்படவிருந்தார். விலையில் சிறிது குறைத்தால் இப்போதே தந்துவிடுகிறோம் என்றனர் வாங்கியோர். ஸைத் (ரலி) அவர்களிடம் கேட்டபோது, அதை நீர் உண்ணவும் வேண்டா, பிறர்க்கு ஊட்டவும் வேண்டா என்ற கருத்தில் விடை வந்தது. காலத்தை நீட்டித் தொகையைக் கூட்டுவது வட்டியாயின், காலத்தைச் சுருக்கித் தொகையைக் குறைப்பதும் காலத்தை விற்பதே என்பது அவர்கள் நோக்கு. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மையும் அவ்வழியே சென்றது. ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) மாறுபட்டார்கள். வட்டி கடனைப் பெருக்குகிறது. இதுவோ கடனைச் சுருக்கி ஒருவனை விடுவிக்கிறது, இரண்டும் எதிர் எதிரானவை என்றார்கள். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, முன்கூட்டியே பேசி வைக்காவிடில் இது கூடும் என்று முடிவு செய்தது. அதே அமர்வில் பைஉல் வஃபா கூடாது என்றும் முடிவு செய்தது. புகாராவில் எழுந்த வாதத்தில் ஸுக்தீ அவர்களின் பக்கம் இவ்வாறு மறுபடி எழுந்தது.

கூர்ந்து நோக்கின் நம் அன்பரின் கடனுக்கு இந்த வாதம்கூட வேண்டா. விலை முடிவாகித் தவணையில் தரும் வணிகத்தில்தான் குறைப்பு என்பதற்கு இடமுண்டு. வங்கிக் கடனிலோ எஞ்சிய முதலுக்கு மாதந்தோறும் வட்டி ஏறுகிறது. வராத ஆண்டுகளின் வட்டி இன்னும் கடனாகவே ஆகவில்லை; இல்லாத கடனை எப்படிக் குறைப்பது?

மூன்றாம் நாள் வந்தவரிடம் இதைச் சொன்னோம். அவருடையது மாறும் வட்டி விகிதக் கடன். அத்தகைய வீட்டுக் கடனை முன்னதாக முடிப்போரிடம் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. கடன் முழுதும் தீர்ந்தபின் முப்பது நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 5,000 ஈடு தர வேண்டும் என்பது 2023இல் வந்த ஆணை. இவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்.

ஐந்து வாரம் சென்று, மஃரிபுக்குச் சற்று முன் அவர் மறுபடி வந்தார். கையில் பழைய துணிப்பை. அதில் மூலப்பத்திரம், பதிவான ரசீது. தாயாரிடம் காட்டப் போகும் வழியில் நம்மிடம் காட்ட வந்தாராம். புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டோம். இல்லை, நாளை காலை சார்பதிவகம் போகிறேன் என்றார்.