ரிப்போர்ட் புத்தகத்தின் கதை



“என்னா டீச்சர், நம்பரே காணோமே? புள்ள எத்தனாவது வந்திருக்கு?” கியா பார்ம் வட்டாரத்தில் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் இன்றும் காதில் விழும் கேள்வி இது. நம்பர் ஏன் போனது என்று தெரிய, கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருந்தது. பல தோட்டங்களில் ஒரே வாத்தியார்தான் எல்லா வகுப்புக்கும் பாடம் சொன்னார். கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் அது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. பொதுவான பாடத்திட்டமும் வந்தது.

1988இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கியது. மலாய்மொழியில் தேறாத தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆகவே புள்ளிக்கும் ‘ஏ’க்கும் மதிப்பு ஏறியது. ரிப்போர்ட் புத்தகத்தில் “20 பேரில் 19ஆவது” என்று எழுதியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று வீட்டில் முடிவு கட்டிவிட அந்த ஒரு எண்ணே போதுமானதாக இருந்தது. அப்படி முளையிலேயே வாடிய பயிர்கள் எத்தனை!

2011இல் புதிய கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கியபோது மதிப்பீடும் மாறியது. பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாமல், கற்க வேண்டிய தரத்தோடு ஒப்பிட ஆறு படிகள் வகுத்தார்கள். 2019 முதல் ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் நீங்கி, வகுப்புசார் மதிப்பீடு நடக்கிறது. 2020இல் கோவிட் தொற்றால் யூ.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை, 2021இல் அது அடியோடு நிறுத்தப்பட்டது.

சரி, இந்த அடைவுநிலையைப் படிப்பது எப்படி? கணிதத்தில் கழித்தலை எடுத்துக்கொள்வோம். அடிப்படை தெரிந்தால் 1. அதை விளக்கிச் சொன்னால் 2. தானே கணக்கைச் செய்தால் 3. சந்தையில் முட்டைக்கோசு விற்றதுபோக மீதி எவ்வளவு என்ற எளிய பிரச்சினைக் கணக்கைத் தீர்த்தால் 4. சிக்கலான கணக்கைப் பல வழிகளில் தீர்த்தால் 5. பழக்கமில்லாத புதுக் கணக்கையும் சொந்தமாக யோசித்துத் தீர்த்தால் 6.

ஆக, 3 என்பது ஆறில் பாதி மார்க்கு அல்ல. பிள்ளை குறைந்தபட்சத் தரத்தை எட்டிவிட்டது என்று பொருள். 3 வாங்கியதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். ஆனால் 1 அல்லது 2 என்றிருந்தால், “பரிட்சைதான் இல்லியே” என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. இரண்டாம் ஆண்டில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையை அப்போதே தூக்கிவிடலாம். ஆறாம் ஆண்டில் தூக்குவது பெரும்பாடு.

ஆசிரியர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. பிள்ளையின் பேச்சையும் எழுத்தையும் பயிற்சியையும் பார்த்துப் போடும் எண்ணுக்குத்தான் உயிர் உண்டு. எல்லோருக்கும் ஒரே எண்ணை நிரப்பினால், பழைய நம்பரைவிட அது மோசம்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களை மனமார வாழ்த்துவோம். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளையும் போன வருடம் 2இல் இருந்து இந்த வருடம் 3க்கு ஏறியிருக்கலாம். அதுவும் வெற்றிதான்! அடுத்த முறை அறிக்கை வாங்க வரும்போது, “எத்தனாவது?” என்பதை விட்டுவிட்டு, “அடுத்த படிக்கு ஏற நாங்க வீட்ல என்ன செய்யணும் டீச்சர்?” என்று கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் படி ஏற அந்தக் கேள்வியே கைகொடுக்கும்.

வளர்க தமிழ்ப்பள்ளி! உயர்க நம் பிள்ளைகள்!