புகையும் நுரையும்: மலைநாட்டு மதுவகைகளின் சுவை வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதன் நிலவுரிமையையும் தானியங்களையும் நோக்கும் அளவுக்கு அதன் மதுவகைகளை நோக்குவதில்லை. நோக்கும்போதும் வரி, குற்றம், ஒழுக்கம் ஆகிய தலைப்புக்களின் கீழ் அவற்றை அடக்கிவிடுகின்றனர். மதுவுக்குச் சுவை உண்டென்பதும், அச்சுவையை எடுத்துரைத்து ஏட்டில் ஏற்றும் வாய்ப்பு எல்லோர்க்கும் ஒரே வகையிற் கிட்டவில்லை என்பதும் கவனிக்கப்படாமற் போகின்றன. பதுளையை அடுத்து நமுனுகுலை மலைச்சாரலில் அமைந்துள்ள ஸ்பிரிங்வெளி முதலான ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகும். அவற்றைக் காண்பதற்கு, இத்தோட்டங்களுக்கு வெகுதொலைவிலுள்ள ஒரு பானத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

ஜேர்மனியின் பாம்பேர்க் நகரிலே, முளைக்கவைத்த வாற்கோதுமையை பீச் மரத்தீயின் புகையில் உலர்த்தி அதிலிருந்து பியர் வடிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக நிலைத்துள்ளது. உண்மையில், நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கோக் எரிபொருளாகப் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் பயன்படத் தொடங்கும் முன்னர், விறகுத்தீயில் உலர்த்தப்பட்ட முளைதானியம் ஐரோப்பாவிற் பரவலாகப் புகைவாடை கொண்டே இருந்தது. புகையற்ற வெப்பம் கிடைத்ததும் பெரும்பாலோர் புகையைக் கைவிட்டனர்; பாம்பேர்க் நகரத்தார் கைவிடவில்லை. றை என்னும் தானியமும் இத்தகையதொரு வரலாற்றை உடையது. குளிரையும் வளமற்ற மண்ணையும் தாங்கி வளரும் இது, வட ஐரோப்பிய ஏழை உழவனின் உரொட்டித் தானியம். நம்மவர்க்குக் குரக்கன் எப்படியோ அப்படி. 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றையுமே அனுமதித்தமையால், றை பியர் அந்நாட்டில் அருகிப்போயிற்று. அண்மைக் காலத்திலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சிறு பியர்ச்சாலைகள் இவ்விரு பழைமைகளையும் ஒன்றுசேர்த்து, புகையூட்டிய முளைதானியமும் றையும் கலந்த கடுமையான லாகர் வகைகளை ஆக்கி வருகின்றன.

இவ்வகைப் பானத்தைச் சுவைப்போர் அதனைப் பற்றி எழுதும் முறை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நிறம் செம்மை கலந்த கபிலம். நுரை தடித்து நெடுநேரம் நிற்கும். மூக்கை முதலில் எட்டுவது, அடுப்பின் மேலே தொங்கவிட்டு வாட்டிய இறைச்சியின் வாடை. நாவில் முதலில் உரொட்டியின் கருகிய ஓரத்தின் இனிப்பு. பின்னர் மிளகையொத்த காரம். றையிலுள்ள பசைப்பொருள்களால் பானம் வழுவழுப்பாகவும் கனமாகவும் இருக்கும். இறுதியில் கசப்பும், மதுசாரத்தின் வெம்மையும் தொண்டையில் தங்கும். முதற் கோப்பையிலே புகையன்றி வேறொன்றும் தெரியாதென்றும், மூன்றாவதிலே புகை மறைந்து தானியத்தின் இனிமை மேலெழும் என்றும் பாம்பேர்க்கிலே சொல்வர். குடித்தலை இவ்வாறு ஓர் அறிதலாக, ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்லும் மரபு ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தாரிடம் வேரூன்றியது. அம்மரபு கோப்பித் துரைமாருடன் கப்பலேறி இலங்கை மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பியர் ஆக்குவதற்குக் குளிர் வேண்டும். அதிலும் லாகர் என்பது தாழ்ந்த வெப்பநிலையிலே மெதுவாக நொதித்து, பல வாரங்கள் குளிரிற் கிடந்து முதிரவேண்டியது. அச்சொல்லே ஜேர்மன் மொழியில் சேமிப்பைக் குறிப்பதாகும். 1870களில் இயந்திரக் குளிரூட்டல் உருவாகும்வரை, வெப்பநாடுகளில் இதற்கான இடங்கள் மலையுச்சிகளே. பிரித்தானியர் ஆட்சியில் பியர்ச்சாலைகள் கசௌலி, மரீ, உதகமண்டலம் ஆகிய மலைநகர்களில் எழுந்தமைக்குக் காரணம் இதுவே. ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியா இவ்வரிசையிற் சேர்ந்தது. காய்ச்சலிலிருந்து உடல்தேற அங்கு வந்து, பின்னர் ஆங்கிலேயக் குடியேற்றமொன்றை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கர் 1849இல் அங்கே பியர் வடிக்கத் தொடங்கினார். நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்றவரும் இவரே. 1881இல் அது முறையான நிறுவனமாயிற்று. அதே பத்தாண்டில் இன்றைய பாகிஸ்தானிலுள்ள மரீயிலிருந்து வளர்ந்த கம்பனியும் நுவரெலியாவில் பியர்ச்சாலை கொண்டிருந்தது. இத்தொழிலில் மலைநாட்டுக்கு உரியனவாக இருந்தவை குளிரும் நீரும் உழைப்புமே. முளைதானியமும் ஹொப்ஸும் கடல்கடந்து வந்தவை.

ஊவாவுக்கு இப்பானம் வந்த வழி கடினமானது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைந்தது 1924இலேயே. அதுவரை எஞ்சிய தூரத்தை மாட்டுவண்டியே கடந்தது. கீழே சென்ற வண்டியில் முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின்னர்த் தேயிலையும் இருந்தன. மேலே வந்த வண்டியில் அரிசியும் சாராயமும் துரைமாரின் போத்தல்களும் இருந்தன. அரிசியின் விலை தொழிலாளரின் கூலியிற் கழிக்கப்பட்டது.

தேயிலை இத்தோட்டங்களுக்கு இன்னொரு சுவைக்கலையைக் கொண்டுவந்தது. கொழும்பிலே தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பமாயிற்று. ஏலத்துக்கு முன் தேநீரை உறிஞ்சிச் சுவைத்துத் துப்பி, அதன் தரத்தை ஓரிரு சொற்களிற் குறிக்கும் வல்லுநர் வகுப்பொன்று உருவாயிற்று. அவர்களின் சொல்வழக்கிலே, முளைதானியத்தின் மணம் ஒத்தது என்பது புகழ்ச்சி. புகைவாடை உடையது என்பது பெருங்குறை. உலர்த்தும் அறைக்கு வெப்பந்தரும் அடுப்பிலே சிறு வெடிப்பு ஏற்பட்டுப் புகை கசிந்தாலும் அன்றைய தேயிலையின் விலை வீழும். பாம்பேர்க்கிலே பெருமைக்குரிய புகை, ஸ்பிரிங்வெளியிலே குற்றமாகிறது! யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றினால் ஊவாத் தேயிலைக்கு வாய்க்கும் தனிமணம் உலகச்சந்தையிற் பெயர்பெற்றது. அக்காற்றில் நின்று கொழுந்து பறித்தவளோ தன் வீட்டில் அருந்தியது பெரும்பாலும் தூள்தேயிலையின் சாயமே. அவளது நாவினிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

இனி, தொழிலாளரின் மதுவுக்கு வருவோம். துரை பியரையும் விஸ்கியையும் தேர்ந்து அருந்தினான். தொழிலாளிக்குத் தென்னஞ்சாராயமும் கள்ளும் வைக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சாராயம் விற்கும் ஏகபோக உரிமை பிரதேசவாரியாக ஏலத்தில் விடப்பட்டது. அதனை எடுத்த குத்தகைகாரர், குறிப்பாகக் கரையோரச் சிங்களக் குடும்பங்கள் சில, அச்செல்வத்தைத் தோட்டங்களிலும் சொத்துக்களிலும் இட்டுப் புதிய முதலாளி வர்க்கமாக உயர்ந்தமையைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே விரிவாகக் காட்டியுள்ளார். அரசுக்கோ இது தளராத வருவாய். ஆகவே இம்மதுவைப் பற்றிய ஆவணங்களில் நாம் காண்பவை குத்தகைத் தொகை, தவறணை இருக்கவேண்டிய இடம், கள்ளவிற்பனை ஆகியவையே. பழையதா புதியதா, புளித்ததா இனித்ததா, பனையா தென்னையா கித்துளா என்பன அங்கே இடம்பெறும் வினாக்களல்ல. தோட்ட நிருவாகத்தின் நிலையும் இரட்டைத்தன்மை வாய்ந்தது. குடியால் மறுநாட் காலைப் பெரட்டுக்கு ஆள் குறைந்தால் துரை சினந்தான். ஆனால் நாள்முழுதும் மழையிலும் பனியிலும் உழைத்துப் பத்தடி அறைக்குத் திரும்பியவனை மறுநாளும் உழைப்புக்கு ஆயத்தப்படுத்தியதில் தவறணைக்கும் பங்குண்டு என்பதை அவன் அறியாதவனல்லன்.

இவ்விடத்தில் ஒன்றை மறத்தலாகாது. தொழிலாளராக இம்மலைகளுக்கு வந்தோர் மதுவின் சுவையைச் சொல்லத் தெரியாத மொழியினரல்லர். பெரும்பாணாற்றுப்படையிலே அரிசிக்களியை அகன்ற வட்டிலில் ஆறவைத்து, அதனொடு நல்லடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை படிப்படியாகக் கூறப்படுகின்றது. நல்லடை என்பதற்கு நெல்முளை எனப் பொருள்கொள்வோர் உளர். அவ்வாறாயின் அது பியரின் அடிப்படை நுட்பமேயாகும். வீட்டிலே வடித்த தோப்பியும், மலைவாழ்நர் மூங்கிற்குழாயில் இட்டு முதிர்வித்த தேறலும் சங்க நூல்களில் வெவ்வேறு பெயரும் வெவ்வேறு தன்மையும் உடையனவாகவே வருகின்றன. நறவு, பிழி, அரியல், தேறல் என்று தெளிவும் கலங்கலும் முதிர்வும் பிரித்தறிந்து பேசிய மொழி அது. அவ்வழிவந்தோர் ஊவாவின் லயங்களிலே வாழ்ந்தபோது, அரச ஆவணங்களில் அவர்களின் மதுவுக்கு இரு பெயர்களே எஞ்சின: கள், சாராயம். சொல்வளம் மறைந்ததற்கு அவர்களின் நா மழுங்கியது காரணமன்று. எதனைக் குடிப்பது என்ற தெரிவு அவர்களின் கையில் இல்லாமற் போனதே காரணம் எனக் கொள்வதே பொருத்தமாகும். தெரிவு இல்லாதவிடத்துச் சுவையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அயலிலுள்ள சிங்களக் கிராமங்களின் நிலை ஓரளவு வேறானது. கித்துட் பாளையைச் சீவிப் பதநீரும் கள்ளும் பெற்று, விறகடுப்பிலே பாணியாகக் காய்ச்சுவது அங்கே வீட்டுத்தொழில். நல்ல பாணியிற் சிறிது புகைமணம் இருக்கவேண்டும் என்பது கிராமத்தவர் கொள்கை. உற்பத்தி தம்மிடம் இருந்தமையால் தரம் பற்றிய பேச்சும் அவர்களிடம் நின்று நிலவியது. மலையொன்றே, வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நிலை இருவேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தது. 1904இலும், சாராயத்தையும் கள்ளையும் வேறாக்கித் தவறணைகளைப் பெருக்கிய 1912ஆம் ஆண்டு மதுவரிச் சீர்திருத்தத்தின் பின்னரும் அது வலுப்பெற்றது. அதன் முன்னணியினர் சிலர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டிச் சிறையிடப்பட்டனர். எனினும் பௌத்த மறுமலர்ச்சியோடு பிணைந்திருந்த அவ்வியக்கம் தோட்ட லயங்களை ஆழமாகத் தொட்டதெனக் கூறவியலாது. தோட்டத் தமிழரிடையே அக்குரல் வேறு வழியில் வந்தது. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் மலைநாட்டிலும் பயணஞ்செய்து பதுளையிலும் பேசினார். தோட்டத் தொழிலாளரைக் குடியைக் கைவிடுமாறு வேண்டினார். கூலியை அடுப்புக்கும் பிள்ளைக்கும் சேர்க்க முயன்ற பெண்களுக்கு இது சமயபோதனையைக் காட்டிலும் கூடிய பொருளுடையதாய் இருந்திருக்கும். ஆனால் தவறணையைத் திறந்து வைத்திருந்தவன் அரசே என்பதை அறிவுரை மாத்திரம் மாற்றிவிடாது. மலாயாவின் கிள்ளான் இரப்பர்த் தோட்டங்களிலே 1941இல் வேலைநிறுத்தஞ் செய்த தமிழ்த் தொழிலாளர், கூலியுயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கோரினர். அங்கே மதுவெதிர்ப்பு தொழிற்சங்கக் கோரிக்கையாக மாறியமை, அறிவுரைக்கும் உரிமைக்குரலுக்கும் உள்ள தூரத்தைக் காட்டுகின்றது.

பிற்காலத்தில் நுவரெலியாப் பியருக்கு எதிர்பாராத புகழ் வந்தது. ஆங்கிலேய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (பாடகரோடு மயங்கற்க) அங்கு வடிக்கப்பட்ட கரிய ஸ்டௌட் வகையைச் சுவைத்து, கோப்பியும் சொக்கலேற்றும் கலந்தாற்போன்ற அதன் செறிவை வியந்து எழுதினார். கோப்பியை இழந்த மலையில் கோப்பிச்சுவையுள்ள பியர் என்பது வரலாற்றின் ஒரு குறும்பு. 1998இல் உற்பத்தி கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாற்றப்பட்டது. இயந்திரக் குளிர் இருக்கையில் மலைக்குளிர் தேவையற்றதாயிற்று. இன்று தோட்டப்புறத்து மதுக்கடைகளிலும் விற்கப்படும் கடும் லாகர் 8.8 விழுக்காடு மதுசாரம் கொண்டது. பாம்பேர்க்கின் கடும் புகைபியர்களுக்கு இணையானது அல்லது மேலானது. ஆயினும் அதனை வாங்குவோரிடம் பேசப்படும் பண்பு அந்த எண் ஒன்றே. எவ்வளவு விலைக்கு எவ்வளவு வெறி என்ற கணக்கு, அரச வரியும் குறைந்த கூலியும் சேர்ந்து கற்பித்த கணக்காகும். அதற்கும் கட்டாதவனை எதிர்நோக்கிக் கசிப்பு காத்திருக்கிறது.

இவற்றுக்கு நடுவே தோட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் மது வேறுவகையிற் கையாளப்படுகின்றது. முனியாண்டி முதலிய காவற்றெய்வங்களுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கும் வழக்கம் மலைநாட்டிலே தொடர்ந்து வந்துள்ளது. அங்கே போத்தல் முத்திரை உடையாததாக இருத்தல் வேண்டும், கலப்பு ஆகாது, சுருட்டு நன்கு பற்றி எரிந்து புகைதல் வேண்டும். தெய்வம் குடித்து முடிக்கும்வரை எவரும் அதனைத் தொடுவதில்லை. பின்னர் அது சிறுசிறு அளவாக, வயதின் வரிசைப்படி, கைகளிலே ஊற்றப்படுகின்றது.