பீதுருதாலகாலை: உயர்ந்த மலையும் அறியப்படாத வரலாறும்

ஈழத்தின் மிகவுயர்ந்த மலை எதுவென வினவினால், பாடசாலையில் புவியியல் கற்ற எவரும் பீதுருதாலகாலை என்றும், அதன் உயரம் 2524 மீற்றர் என்றும் தயக்கமின்றி விடையிறுப்பர். அடுத்து ஒரு வினாவைத் தொடுப்பின் மௌனமே விடையாகக் கிடைக்கும். அம்மலைக்குத் தல புராணம் இல்லை. அதனை நோக்கிய யாத்திரை இல்லை. அதன் பெயரால் எழுந்த பழஞ்செய்யுள் எதனையும் இக்கட்டுரையாளன் கண்டதில்லை. அதனினும் ஏறக்குறைய 280 மீற்றர் தாழ்ந்த சிவனொளிபாதமலையோ நால்வகைச் சமயத்தாரும் உரிமை பாராட்டும் பெருமையுடையது. உயரத்தில் முதன்மை பெற்ற மலை வரலாற்றில் ஏன் பின்தங்கிற்று? இவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதற் காரணம் நில அமைப்பிலேயே உள்ளது. சிவனொளிபாதமலை மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பிலே, தாழ்நிலத்தை நோக்கித் தனித்து நிமிர்ந்து கூர்ச்சிகரமாய் நிற்பது. மேற்குக் கடலிலே வரும் மாலுமிக்குக் கரை தோன்றுமுன்னரே அம்மலை தோன்றும். பீதுருதாலகாலை அத்தகையதன்று. ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாச் சமநிலத்தின் வடபால் அது எழுகின்றது. ஆகவே, நகரத்தில் நின்று நோக்குவோனுக்கு அதன் தோற்றம் 656 மீற்றர் மட்டுமே. கூர்மையற்ற நீண்ட முதுகினையுடைய காட்டுக் குன்றமாகவே அது தென்படும். முதன்முறை நுவரெலியா வந்த நண்பர் ஒருவர், 'மலை எங்கே?' என்று அம்மலையைப் பார்த்தவாறே வினவியதுண்டு. பண்டைய பயணிகள் சிவனொளிபாதத்தையே இத்தீவின் மிகவுயர்ந்த மலையெனக் கொண்டதில் வியப்பில்லை. கண்ணுக்குப் புலப்படாத அவ்வுயரத்தை உலகறியச் செய்தது ஆங்கிலேயரின் நில அளவைக் கருவியே.

இரண்டாவது காரணம் பாதை. 1344ஆம் ஆண்டில் இத்தீவிற்கு வந்த இபுன் பதூதா, சிவனொளிபாதத்தை நடுக்கடலிலே பல நாட் பயணத்தொலைவிலிருந்தே கண்டதாகக் கூறுகின்றார். புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து மலையேறும் விருப்பத்தைத் தெரிவித்தபோது, அவ்வரசன் பல்லக்கும் சுமைதூக்குவோரும் தந்ததுடன், ஆண்டுதோறும் அங்குச் செல்லும் யோகியரையும் பிராமணரையும் துணையாக அனுப்பினான் என்பது அவர் குறிப்பு. வட இலங்கைத் தமிழரசன் ஒருவன் முஸ்லிம் பயணி ஒருவருக்கு மலைவழி திறந்துவிட்ட இச்செய்தி தனியே ஆராயத்தக்கது. ஈண்டு நமக்கு வேண்டியது, மலையேற இரு வழிகள் அக்காலத்திலேயே பெயர்பெற்று, கடினமான வழியிலே இரும்புச் சங்கிலிகளும் பூட்டப்பட்டிருந்தன என்பதாகும். அத்தகைய வழி எதுவும் பீதுருதாலகாலைக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பெயரைச் சிறிது நோக்குவோம். சிங்களத்தில் பிதுரு என்பது வைக்கோல். தலாவ என்பது வெளிநிலம். கல என்பது பாறை. புல்வெளிப் பாறை என்னும் எளிய பொருளுடைய பெயரே இஃது. ஆங்கிலேயர் இதனை 'மவுண்ட் பீட்ரோ' எனச் சிதைத்தனர். அச்சிதைவைக் கண்டு பீட்ரோ என்னும் போத்துக்கேயர் எவரையேனும் தேடிப் புறப்படுதல் வீண்வேலை.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின்னரே இம்மலையின் எழுதப்பட்ட வரலாறு தொடங்குகின்றது. 1819இல் மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாப் பகுதியைக் கண்டார். 1821இல் அவரது நூல் வெளிவந்தது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் 1820களின் இறுதியில் அங்குப் படைவீரர் உடல்நலம் தேறும் நிலையத்தை அமைத்தார். 1848இல் சாமுவேல் பேக்கர் அங்குக் குடியேறி ஆங்கிலப் பண்ணையொன்றை நிறுவ முயன்றார். அவர்தம் நூல்களிலே மரைவேட்டையும் யானைவேட்டையும் பக்கம் பக்கமாக விரிகின்றன. அன்று நுவரெலியாக் காடுகளிலே யானைகள் உலவின என்பதற்கு அந்நூல்களே சான்று. அவை அங்கிருந்து மறைந்தமைக்கான காரணத்திற்கும் அவையே சான்று. காடு வழியாக உச்சிக்குச் செல்லும் பாதை ஏற்பட்டதும் இவ்வெள்ளையர் காலத்திலேதான். பிறர் வரம் வேண்டி ஏறிய சிகரத்திற்கும், இவர்கள் காற்று வாங்கவும் காட்சி காணவும் ஏறிய சிகரத்திற்கும் உள்ள வேறுபாடு அப்பாதையிலே தெரிகின்றது.

அதே காலத்தில் வேறொரு பாதையும் இம்மலையடிவாரத்தை வந்தடைந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்தே வந்த தொழிலாளரின் பாதை அது. வழிநெடுகிலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வீழ்ந்தோர் பலர். மலைச்சரிவுக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டவர்கள் அவர்களே. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் கண்டபின் அதே சரிவுகளைத் தேயிலைக்கு மாற்றியவர்களும் அவர்களே. 1885இல் நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது. தேயிலை மேலும் மேலே ஏறிற்று.

ஈண்டு ஒரு சொல்லைக் குறிப்பிடாது செல்ல மனம் ஒப்பவில்லை. இக்கட்டுரையாளன் இம்மலையடிவாரத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். எங்கள் வழக்கில் 'மலை' என்றால் கொழுந்தெடுக்கும் தேயிலை நிலம். 'மலைக்குப் போதல்' என்பது வேலைக்குப் போதல். ஒவ்வொரு மலைக்கும் ஓர் இலக்கம் உண்டு, 'அப்பாயி எங்கே?' எனக் கேட்டால் 'ஆறாம் நம்பர் மலையில்' என விடைவரும். உண்மையான மலையோ எங்கள் பேச்சில் 'மேல்காடு' மட்டுமே. விறகுக்கும் தண்ணீருக்கும் உரிய இடம். நாட்டின் உச்சிமலைக்குக் கீழே நான்கு தலைமுறை வாழ்ந்தோர்க்கு, 'மலை' என்ற சொல் உழைப்பின் அளவாகிவிட்டமை மொழியியல் மாணவர் கவனிக்கத்தக்கது. பெரட்டுக் களத்திலிருந்து தேயிலைச் சரிவெங்கும் கிளைக்கும் ஒற்றையடிப் பாதைகளையும், மழைநீர் மண்ணை அரிக்காதிருக்க வெட்டப்பட்ட கான்களையும் எந்தப் பயணநூலும் மலைப்பாதைகளாகக் கணக்கிட்டதில்லை.

மேல்காடு தப்பியது எவ்வாறு? 1873இல் கியூத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், உயர்மலைக் காடுகளை அழிப்பதால் நீருக்கும் காலநிலைக்கும் நேரும் கேட்டினை எடுத்துக்காட்டினார். அதனைத் தொடர்ந்து 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பதற்குத் தடை ஏற்பட்டது. தடை முற்றாகப் பேணப்பட்டதெனக் கூறுதற்கில்லை. 6000 அடியிலும் தேயிலை நிற்பதை நாம் காண்கிறோம். எனினும் பீதுருதாலகாலையின் மேற்பகுதி காடாகவே எஞ்சியமைக்கு இக்கொள்கை ஒரு முக்கிய காரணமாகும். கோப்பித்துரைமாரின் பேராசைக்கு எதிராக அவ்வரசே இட்ட கோடு இது என்பதை, ஆங்கிலேயர் செய்தன யாவும் தீதெனக் கொள்வோரும் ஏற்றல் வேண்டும்.

அக்காடு தாழ்நிலக் காடு போன்றதன்று. ஓயாத காற்றாலும் மூடுபனியாலும் மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுகி, உச்சி குடைபோல் விரிந்து நிற்கும். தண்டெங்கும் பாசியும் கற்பாசியும் படர்ந்திருக்கும். இலங்கைக்கே உரிய கீன மரம் இங்குச் சிறந்து வளர்வது. சிவந்த பூங்கொத்துடைய ரொடொடென்ட்ரன் மரம் இமயத்திலும் நீலகிரியிலும் இங்கும் காணப்படுவது. நீலகிரியில் தமிழர் அதனைக் காட்டுப்பூவரசு என்பர். சங்கச் செய்யுள் பயிலும் நம் மாணவர்க்கு இன்னுமொரு செய்தி: சிங்களத்தில் நெலு எனப்படும் செடி, தமிழகத்துக் குறிஞ்சியின் இனத்ததே. அதன் சில வகைகள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை உதிர்த்து மடியும். அக்காலத்தில் தேனீக்களும், பின்னர் விதை தேடிக் காட்டுக்கோழிகளும் திரளும். குறிஞ்சித் திணை என நூலிற் கற்றதன் உறவுச்செடி நம் நாட்டிலே நிற்பதை அறியாமல் பட்டம் பெறுவோர் நம்மிடையே குறைவல்லர். சிறுத்தையும் மரையும் கரடிக்குரங்கும் இக்காட்டில் உள்ளன; மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும், காண்டற்கரிய சீழ்க்கைக் குருவியும் இத்தீவிற்கே உரியவை.

இவ்வனத்தின் பெரும்பயன் நீர். மழை பெய்யாத வேளையிலும் தவழும் முகிலிலிருந்து இலைகளும் பாசிகளும் ஈரத்தை வடித்து நிலத்திற்கு ஊட்டுகின்றன. நகரத்தின் பக்கம் இறங்கும் ஓடையை மறித்தே தேசாதிபதி கிறகரி 1873இல் தம் பெயரால் வழங்கும் ஏரியை அமைத்தார். அந்நீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவையும், அதன்மூலம் மகாவலியையும் சேரும். கிழக்குச் சரிவின் நீர் உமாஓயாவாகி ரன்தெம்பையருகே அதே மகாவலியிற் கலக்கும். இருபுறமும் பிரிந்து சென்ற நீர் ஒன்றாகிக் கிழக்கிலே கொட்டியாரக் குடாவிற் கடலடைகின்றது. மூதூர் வயலுக்கும் எங்கள் மேல்காட்டுக்கும் உள்ள உறவு இதுவே. ஆயினும் 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது, சிகர வனம், ஓட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றுமே அதில் இடம்பெற்றன. மிகவுயர்ந்த மலையின் காடு அப்பட்டியலில் இல்லை.

1982 பெப்ரவரி 15ஆந் திகதி ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. உயரமே தகுதியாகப் பீதுருதாலகாலை உச்சியில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலாவுவோருக்கு உரியதாயிருந்த சிகரம், அடுத்து வந்த போர்க்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. நாட்டின் வீடுதோறும் படம் அனுப்பிய மலை, நாட்டு மக்கள் கால்வைக்க இயலாத மலையானது. 2009இற் போர் முடிந்தபின் வாகனத்தில் ஏறிப்பார்க்க வழி பிறந்தது.

கடந்த தை மாதம் நண்பர் மூவருடன் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திச் சென்றேன், அப்பாவையும் அழைத்துக்கொண்டேன். அறுபது வயதுவரை அடிவாரத்தில் வாழ்ந்தவர், அன்றுதான் முதன்முறை மேலே வருகிறார். வாயிலிலே பெயர்களைப் பதிந்தனர். வழியில் இறங்கி நடக்கலாகாது என்றனர். பழைய நடைபாதை எப்பக்கம் சென்றதென்று வினவினேன், அங்கிருந்தோர்க்குத் தெரியவில்லை. உச்சியில் பனி விலகியபோது தென்மேற்கே தொலைவிற் சிறு முக்கோணம் ஒன்று தெரிந்தது. சிவனொளிபாதம் என்று மூவரும் ஒரே குரலிற் கூறினர். அப்பா அப்பக்கம் திரும்பவில்லை. கீழே பச்சைச் சரிவுகளை நெடுநேரம் நோக்கியிருந்து, விரலை நீட்டி, 'அந்தா, அதுதான் நம்ம ஆறாம் நம்பர்' என்றார்.