முப்பத்தாறின் பயணம்

ஜூலை முதல் வாரத்தில், ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) டிப்ளோமா தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு ஓர் எண் வந்து சேர்கிறது. 36 என்று வைத்துக்கொள்வோம். அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று கேட்டே பழகிய தாத்தா, 'பாஸாவது ஆனானா?' என்பார். 45க்கு 36 என்றால் எண்பது சதவீதம்தானே என்று சித்தப்பா சமாதானம் சொல்வார். இருவர் கணக்கும் இங்கே செல்லாது. 24 எடுத்து, கூடவே சில நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் டிப்ளோமா கிடைத்துவிடும். 36 என்பது நல்ல எண். எங்கே நல்லது, எதற்கு நல்லது என்பதில்தான் சிக்கல்.

ஐ.பி.யின் பூர்வீகம் ஜெனீவா. உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் அங்கே சர்வதேசப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஒரே பள்ளியில் படித்தாலும், மேல் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் பிரிந்துபோனார்கள். பிரான்சில் சேர வேண்டியவனுக்கு ஒரு தேர்வு, இங்கிலாந்துக்குப் போகிறவளுக்கு இன்னொன்று. எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கிற ஒரே தேர்வு வேண்டும் என்று ஆசிரியர்கள் முனைந்ததன் பலனாக 1968இல் ஐ.பி. அமைப்பு பிறந்தது. ஆக்ஸ்போர்டில் கல்வித் துறையை நடத்திவந்த அலெக் பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநர். முதல் முறையான தேர்வு 1970இல் நடந்தது. 1976இல் அது கொடைக்கானல் மலையேறியது. இந்தியாவின் முதல் ஐ.பி. பள்ளி கொடைக்கானல் சர்வதேசப் பள்ளிதான். அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளி அது.

இனி நம் 36 உருவாகும் விதம். ஆறு பாடங்கள், பாடத்துக்கு அதிகபட்சம் 7. மூன்று பாடம் ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்டு லெவல். நம் மாணவிக்கு ஹையரில் 6, 6, 5. ஸ்டாண்டர்டிலும் அதே 6, 6, 5. ஆக 34. நாலாயிரம் சொற்களுக்குள் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், 'அறிவது என்றால் என்ன' என்று குடைகிற அறிவுக் கோட்பாட்டுப் பாடமும் சேர்ந்து இன்னும் 2. இந்த வகையில் கிடைக்கக்கூடியது மூன்றே புள்ளிதான். அந்த மூன்றுக்காகப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

மே மாதம் எழுதிய விடைத்தாள் உறையில் ஏறி, ஸ்கேன் ஆகி, எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் திருத்துநரின் கணினித் திரைக்குப் போகிறது. அவருக்கு வரும் தாள்களுக்கு நடுவே, மூத்த திருத்துநர்கள் ஏற்கெனவே மதிப்பெண் போட்டுவைத்த தாள்களையும் கலந்துவிடுகிறார்கள். எது அந்தத் தாள் என்று அவருக்குத் தெரியாது. அவர் போட்ட மதிப்பெண் மிகவும் விலகிப்போனால், மேற்கொண்டு திருத்த விடமாட்டார்கள். நம்மூர்த் திருத்தும் முகாம்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் மறுகூட்டலுக்கு நிற்கும் வரிசை குறையும்.

வேடிக்கை என்னவென்றால், 36 பிறப்பதற்கு முன்பே அதன் நிழல் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கும். ஆசிரியர்கள் தரும் உத்தேச மதிப்பெண்ணைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் அதைப் பார்த்துவிட்டு, 'இத்தனை எடுத்தால் இடம் உண்டு' என்று நிபந்தனை போட்டு எழுதுவார்கள். ஜூலையில் வரும் எண் அந்த நிபந்தனையைத் தொட்டால் இடம் உறுதி. 2020இல் கொரோனாவால் மே தேர்வே ரத்தானது. பாடத்திட்டப் பணிகளையும் பள்ளிகளின் பழைய கணக்குகளையும் வைத்து ஐ.பி. வெளியிட்ட முடிவுகள் பல நாடுகளில் கொதிப்பைக் கிளப்பின. அடுத்த மாதமே அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூகாஸ் அமைப்பின் அட்டவணையில் மொத்தம் 36 என்று தனி வரியே கிடையாது. பாடம் பாடமாகப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். ஹையரில் 7 என்றால் 56 புள்ளி, அந்நாட்டுப் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் ஏ ஸ்டாருக்குச் சமம். 6 என்றால் 48, அதாவது ஏ. ஆனால் 5 என்றால் 32, சட்டென்று சி கிரேடுக்கு இறங்கிவிடுகிறது! நம் மாணவியின் மூன்று ஹையர் பாடங்களுக்கு 128 புள்ளி. பெரிய பல்கலைக்கழகங்களோ இந்த அட்டவணையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கேம்பிரிட்ஜ் ஹையர் பாடங்களில் 7, 7, 6 கேட்கும். அங்கே நம் 36க்கு வழியில்லை.

ஜெர்மனிக்குப் போனால் எண்ணே தலைகீழாகிறது. அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் விளிம்பு. 42ஐ 1.0 என்றும் 24ஐ 4.0 என்றும் வைத்து இடைப்பட்டதை ஒரு சூத்திரத்தால் மாற்றுகிறார்கள். 42க்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் 1.0 தான். நம் 36 அங்கே 2.0. அதற்கு முன் பாடச் சேர்க்கையைப் பார்ப்பார்கள். கணிதமோ இயற்பியல், வேதியியல், உயிரியலில் ஒன்றோ ஹையர் லெவலில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 40 எடுத்திருந்தாலும் நேரடி அனுமதி இல்லை.

அமெரிக்காவில் வேறு கதை. இடம் முடிவாகும்போது 36 பிறந்தே இருக்காது. பள்ளிக் கிரேடுகளும் கட்டுரைகளும் உத்தேச எண்ணும்தான் அங்கே பேசும். பிற்பாடு வரும் இறுதி எண் இன்னொரு வேலைக்கு ஆகிறது: கல்லூரிப் பாடங்களைக் கழிக்க. டெக்சாஸ் மாநிலம் 2005இல் இயற்றிய சட்டப்படி, டிப்ளோமா முடித்து, தேர்வுகளில் 4க்குக் குறையாமல் எடுத்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தது 24 கிரெடிட் தர வேண்டும். பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. கேம்பிரிட்ஜில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட அதே 36, இங்கே ஐந்தில் ஒரு பங்கு படிப்பை மிச்சப்படுத்துகிறது.

ஆகவே 36 பெரிதா, 40 பெரிதா என்ற பேச்சைவிடப் பதினோராம் வகுப்பின் பாடத் தேர்வுப் படிவம் முக்கியம். பொறியியல் என்றால் எந்தக் கணிதம், எந்த லெவல் என்பதைக்கூடப் பல பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்டே கேட்கின்றன. பிள்ளை போக நினைக்கும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளை, அவற்றின் சொந்த இணையதளத்திலேயே, அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.